முடித்தேனா, தீர்த்தேனா, நிறைவேற்றினேனா: ஸ்பானிஷில் எந்த வினை எங்கே?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பினாங்கின் பாயான் லெப்பாஸில் புது வேலை, ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் மின்னஞ்சல் எழுத வேண்டுமாம். "அக்கா, ஆங்கிலத்தில் ஃபினிஷ், கம்ப்ளீட் என்று ரெண்டு சொல்லை வைத்து ஓட்டிவிடலாம். ஸ்பானிஷில் தெர்மினார், அக்கபார், கொம்ப்ளெத்தார், கும்ப்ளீர், ஃபினலிசார் என்று வரிசை கட்டி நிற்கிறது. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம். எதை எங்கே போடுவது?" கூடவே நாலு வாக்கியம் கொடுத்திருக்கிறார்: 'அறிக்கையை முடித்துவிட்டேன்', 'இப்போதுதான் பசியாறினேன்', 'பாரத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டேன்', 'வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்'.

முதலில் ஒன்று. நான் மொழி ஆசிரியை இல்லை. இதே பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பார்ப்பவள். எங்களுடைய கிளை ஒன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில் இருந்ததால் என்னை ரெண்டு வருஷம் அங்கே அனுப்பினார்கள். என் ஸ்பானிஷ் தொழிற்சாலைத் தளத்திலும் கேன்டீனிலும் பொறுக்கியது. ஆகவே நான் சொல்வதில் மெக்சிகோ வாடை தூக்கலாக இருக்கும். சொற்களைத் தமிழில் எழுதுகிறேன், உச்சரிப்புக்கு இது உண்மையிலேயே வசதி. ஸ்பானிஷ் 'த' நம்முடைய 'த' மாதிரிப் பல்லில் பட்டு வருவது. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள்தான் 'டெர்மினார்' என்று நாக்கை மடக்குவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழப்பம் ஸ்பானிஷில் இல்லை தம்பி, நடுவில் ஆங்கிலத்தை நிறுத்தி வைத்திருப்பதில் இருக்கிறது. வீட்டில் அரிசி 'முடித்துவிட்டது' என்று யாராவது சொல்வார்களா? 'தீர்ந்துவிட்டது' என்போம். வேண்டுதலை 'முடித்தேன்' என்று சொல்லமாட்டோம், 'நிறைவேற்றினேன்', 'செலுத்தினேன்' என்போம். பாரத்தை 'நிரப்புவோம்'. மலாயிலும் அப்படித்தான். கடையில் சாமான் இல்லையென்றால் 'ஹாபிஸ்', வேலை தயார் என்றால் 'சியாப்', விவகாரம் தீர்ந்தால் 'செலெசாய்', படம் ஓடி முடிந்து திரையில் வருவது 'தாமாட்'. இந்த வித்தியாசமெல்லாம் நமக்கு ஏற்கனவே தெரியும். ஸ்பானிஷ் வினையைத் தேடும்போது தமிழில் என்ன சொல்வோம் என்று பார்த்தால் பாதிக் கதவு தானாகத் திறக்கும்.

தெர்மினார் நம்முடைய 'முடி'. நீங்கள் தைரியமாகக் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான். 'தெர்மினே எல் ரெப்போர்த்தே', அறிக்கையை முடித்தேன். ஸ்பெயின்காரருக்கு எழுதினால் ரெப்போர்த்தே என்பதற்குப் பதில் 'இன்ஃபோர்மே' போடுங்கள். அவர்கள் இன்றைக்கு நடந்ததை 'ஏ தெர்மினாதோ' என்று வேறு காலத்தில் சொல்லும் வழக்கமும் உண்டு. மெக்சிகோவில் 'தெர்மினே' போதும். முன்னால் ஒரு 'யா' சேர்த்தால் இன்னும் அழகு: 'யா தெர்மினே'. இந்த 'யா' மலாய் 'சுடா' மாதிரி, நம் 'முடிச்சாச்சு'வில் இருக்கும் அந்த 'ஆச்சு' மாதிரி. இதை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் வாய்க்கு வருகிற மாதிரி 'எஸ்தோய் அக்கபாதோ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'என் கதை முடிந்தது, நான் தொலைந்தேன்' என்று ஆகிவிடும்.

அக்கபார்தான் சுவாரசியமான ஆள். தெர்மினார் லத்தீனில் எல்லைக்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர்களுக்கு தெர்மினுஸ் என்று எல்லைக்கல்லுக்கே ஒரு சாமி உண்டு, நம் ஊர் எல்லைச்சாமிபோல. அக்கபார் வந்ததோ 'காபோ' என்ற சொல்லிலிருந்து. காபோ என்றால் முனை. கன்னியாகுமரியை ஸ்பானிஷில் 'காபோ கொமொரின்' என்பார்கள். ஆக, ஒன்று எல்லைக்கு வந்து நிற்பது, இன்னொன்று முனைவரை போவது. முனைக்கு அப்பால் கடல்தான், மிச்சம் எதுவும் இல்லை.

இந்த 'மிச்சம் இல்லை' என்ற வாடை அக்கபாரில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வெறுமனே 'அக்கபே எல் ரெப்போர்த்தே' என்றால் பிரச்சினை இல்லை, தெர்மினேவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டம் 'தெர்மினோ' என்றாலும் 'அக்கபோ' என்றாலும் கூட்டம் முடிந்ததுதான். ஆனால் பின்னால் 'கொன்' என்ற குட்டிச் சொல் சேர்ந்தால் கதை மாறிவிடும்.

நான் அனுபவித்தது. மெக்சிகோவிலிருந்து பினாங்கு திரும்பிய புதிது. அங்குள்ள சக ஊழியருக்கு நம் இரவு பதினோரு மணிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன். குவாதலஹாரா நமக்கு 14 மணி நேரம் பின்னால், அவருக்கு அப்போது காலை ஒன்பது. ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சரக்கு, முழுக்கச் சோதித்து முடித்திருந்தோம். ஆங்கிலத்தில் 'டன் வித்' என்று மண்டையில் ஓடியதை அப்படியே 'அக்கபே கொன் எல் லோத்தே' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பதில் வந்திருந்தது: 'கே தே இசோ எல் போப்ரே லோத்தே?' அதாவது, அந்தப் பாவப்பட்ட லாட் உனக்கு என்ன செய்தது? எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நான் எழுதியது 'லாட்டைத் தீர்த்துக்கட்டிவிட்டேன்' என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. மழை விளைச்சலை அழித்தாலும் 'அக்கபோ கொன்', எதிரியை ஒழித்தாலும் 'அக்கபோ கொன்', ஒரே உட்காரலில் கேக் முழுவதையும் காலி செய்தாலும் 'அக்கபோ கொன்'. நம்முடைய 'தீர்த்துக்கட்டு', 'ஒருவழி பண்ணு' வகையறா. நான் எழுதியிருக்க வேண்டியது 'தெர்மினே தே ப்ரொபார் எல் லோத்தே', லாட்டைச் சோதித்து முடித்தேன். எந்தச் செயலை முடித்தோம் என்று சொல்ல 'தெர்மினார் தே' போட்டு அடுத்த வினையை வைத்தால் போதும். தமிழில் 'சோதித்து முடித்தேன்', 'படித்து முடித்தேன்' என்று ரெண்டு வினையைக் கோர்ப்பதை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும்.

அதே அக்கபாருக்கு முன்னால் 'செ' வந்தால் 'தீர்ந்துபோ'. 'செ அக்கபோ எல் அர்ரோஸ்', அரிசி தீர்ந்துவிட்டது. 'செ மெ அக்கபோ எல் சால்தோ', என் கைப்பேசியில் கிரெடிட் முடிந்துவிட்டது. அந்த 'மெ' இருக்கிறதே, அது 'எனக்கு'. நான் தீர்க்கவில்லை, எனக்கு அது தீர்ந்துபோயிற்று. பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளாமல் சொல்லும் இந்த வித்தை நமக்குப் புதிதா என்ன, 'கண்ணாடி உடைஞ்சிருச்சும்மா' என்று சொல்லியே வளர்ந்தவர்கள்தானே. மத்தியானம் ரெண்டரைக்கு நாசி கண்டார் கடைக்குப் போய் மீன் முட்டைப் பொரியல் கேட்டால் கடைக்காரர் கையை விரித்து 'ஹாபிஸ்' என்பார் பாருங்கள், அந்த இடத்துக்கு 'யா செ அக்கபோ' கச்சிதம். கடையில் பலகையில் எழுதி மாட்டுவதென்றால் 'அகொத்தாதோ' என்று வேறு சொல், விற்றுத் தீர்ந்தது.

உங்கள் ரெண்டாவது வாக்கியத்துக்கும் அக்கபார்தான். 'இப்போதுதான் பசியாறினேன்' என்பது 'அக்காபோ தே தெசயுனார்'. மத்தியானச் சாப்பாடாக இருந்தால் 'அக்காபோ தே கொமேர்'. வினை நிகழ்காலத்தில் நிற்கிறது, பொருளோ ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்தது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள். நடந்துவிட்ட செயல்தானே என்று இறந்தகாலத்தில் 'அக்கபே தே கொமேர்' என்று எழுதினால் 'இப்போதுதான்' போய்விடும், 'சாப்பிட்டு முடித்தேன்' என்றாகிவிடும். நேற்றைய கதையைச் சொல்லும்போது, 'நான் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன், போன் அடித்தது' என்றால் 'அக்கபாபா தே யெகார்' என்று தொடர் இறந்தகாலத்துக்குப் போக வேண்டும். அக்காபோ, அக்கபாபா. 'இப்போதுதான்' என்ற பொருளுக்குப் பெரும்பாலும் இந்த ரெண்டு வடிவத்தோடு நிற்பார்கள்.

இன்னும் ரெண்டு பிரயோகம், சுருக்கமாக. 'நோ அக்காபோ தே எந்தென்தேர்' என்றால் 'எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை'. கூட்டத்தில் யாரையும் புண்படுத்தாமல் 'நீங்கள் சொல்வது புரியவில்லை' என்று சொல்ல இதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. அப்புறம் 'கடைசியில் இப்படி ஆகிவிட்டது' என்ற பொருள். சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு ஜாதிக்காய் ஊறுகாய் மட்டும் வாங்கப் போய், கடைசியில் ரெண்டு பை நிறையச் சாமானோடு வந்தால், 'அக்கபே கொம்ப்ரான்தோ தே தோதோ' அல்லது 'தெர்மினே கொம்ப்ரான்தோ தே தோதோ'. இந்த இடத்தில் ரெண்டு வினையும் சமம்தான், எதை வேண்டுமானாலும் போடுங்கள்.

கும்ப்ளீர் எனக்குப் பிடித்த சொல். அகராதிகள் இதற்கும் 'முடி' என்று எழுதித்தான் உங்களைக் குழப்பியிருக்கின்றன. இது 'நிறைவேற்று', 'பூர்த்தியாகு'. கும்ப்ளீரும் கொம்ப்ளெத்தாரும் லத்தீனில் 'நிரப்பு' என்ற ஒரே வினையின் பிள்ளைகள். ஒன்று நாட்டுப்புறத்தில் வளர்ந்து உருமாறியது, இன்னொன்று படித்தவர்கள் வழியாகப் பின்னால் வந்தது. நம்மிடம் 'நிறை' என்ற ஒரே வேரிலிருந்து 'நிறைய', 'நிறைவு', 'நிறைவேற்று' எல்லாம் வருகிற மாதிரி.

வயது சொல்வதில்தான் இது நன்றாகத் தெரியும். 'கும்ப்ளீ வெயின்தே அஞோஸ்' என்றால் எனக்கு இருபது வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கே 'கும்ப்ளேஅஞோஸ்' என்றுதான் பெயர், ஆண்டு நிறைவு. குவாதலஹாராவில் இருந்தபோது இங்கே எங்கள் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். லீவு கேட்கும்போது மேலதிகாரிக்கு எப்படி விளக்குவது என்று தவித்தேன். 'மி பாப்பா கும்ப்ளே செசென்தா' என்று ஆரம்பித்ததும் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் சஷ்டியப்த பூர்த்தி என்பதில் இருக்கும் பூர்த்தியும் அந்தக் கும்ப்ளேயும் ஒன்றே. அம்மாவுக்கு மறுபடி தாலி கட்டுவார் என்பதை விளக்கத்தான் அரை மணி நேரம் பிடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவாதலஹாராவில் ஒவ்வொரு அக்டோபர் 12ஆம் தேதியும் ஒரு பெரிய ஊர்வலம். சப்போப்பான் மாதாவின் சின்னஞ்சிறு சிலையைப் பேராலயத்திலிருந்து சப்போப்பானில் உள்ள அவள் கோவிலுக்குக் கொண்டுபோவார்கள். விடியும் முன்பே கூட்டம் தெருவில் நிற்கும், ஆட்டக்காரர்கள் காலில் சலங்கை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு ஆடியபடியே போவார்கள். எனக்குத் தண்ணீர்மலைத் தைப்பூசம்தான் ஞாபகத்துக்கு வந்தது. 2018இல் யுனெஸ்கோ இந்த விழாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாதாவிடம் வேண்டிக்கொண்டதை அங்கே 'மான்தா' என்பார்கள், நம் நேர்த்திக்கடன். அதை நிறைவேற்றுவது 'கும்ப்ளீர் உனா மான்தா' அல்லது 'பகார் உனா மான்தா'. பகார் என்றால் பணம் கட்டு, செலுத்து. கடனைச் செலுத்துவது என்று நாமும்தானே சொல்கிறோம். இதை 'தெர்மினார்' என்று சொன்னால் காவடியை 'முடித்தேன்' என்ற மாதிரி மொட்டையாக இருக்கும்.

அந்த ஊர்வலத்தின் பெயரே 'லா யெவாதா', கொண்டுபோதல். 'யெவார் ஆ காபோ' என்று ஒரு தொடர் உங்கள் பாடத்தில் வந்திருக்கும், 'நடத்தி முடி', 'செயல்படுத்து' என்று பொருள். யெவார் கொண்டுபோ, காபோ முனை. முனைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. திட்டம், ஆய்வு, தணிக்கை போன்ற பெரிய காரியங்களுக்கு மட்டும் இது. பசியாறுவதை யாரும் யெவார் ஆ காபோ செய்வதில்லை.

வேலையிடத்தில் கும்ப்ளீரை எப்படியும் சந்திப்பீர்கள். சோதனைத் தாள்களில் ரெண்டு கட்டம் இருக்கும், 'கும்ப்ளே', 'நோ கும்ப்ளே'. முடிந்ததா என்று கேட்கவில்லை, விதிப்படி இருக்கிறதா என்று கேட்கிறது. முதல் வாரத்தில் நான் இதை 'வேலை முடிந்ததா' என்று எடுத்துக்கொண்டு, முடிந்த வேலை எல்லாவற்றுக்கும் 'கும்ப்ளே'யில் டிக் போட்டுக்கொண்டே போனேன். தரப் பிரிவுக்காரர் தாளை என் முன்னால் வைத்து, ஒன்றும் பேசாமல், அழிப்பானை நீட்டினார். பக்கத்திலேயே கிடங்கில் 'ப்ரொதுக்தோ தெர்மினாதோ' என்று எழுதிய பலகை தொங்கும், அனுப்பத் தயாரான சரக்கு. 'அக்கபாதோ' என்பதோ பொருளின் மேற்பரப்பு மெருகு. 'பாகம் தெர்மினாதோ, ஆனால் அக்கபாதோ சரியில்லை' என்று தினமும் காதில் விழும். சரக்கு ரெடி, மெருகு மோசம்.

பாரத்துக்கு வருவோம். கொம்ப்ளெத்தார் என்பது குறையாக இருப்பதை முழுமையாக்குவது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பரீட்சைத் தாளில் 'கொம்ப்ளெத்தே' என்று இருக்கும். பாரத்துக்கு அதைப் போட்டால் தப்பில்லை, ஆனால் வாயில் வருவது மெக்சிகோவில் 'யெனார்', ஸ்பெயினில் 'ரெயெனார்'. ரெண்டும் 'நிரப்பு'தான். ஆகவே உங்கள் மூன்றாவது வாக்கியம்: 'யா யெனே எல் ஃபொர்முலாரியோ ஈ லோ என்வியே'. ஆங்கிலம் பழகிய நாம் எந்த வேலை முடிந்தாலும் 'கம்ப்ளீட்' என்கிறோம், அந்தப் பழக்கத்தில் அறிக்கையையும் கூட்டத்தையும் கொம்ப்ளெத்தார் பண்ணாதீர்கள். புரிந்துகொள்வார்கள், ஆனால் ஒட்டாது.

ஃபினலிசார், கொன்க்லுயிர் ரெண்டும் சட்டை இன் பண்ணிய சொற்கள். கணினியில் ஏதாவது நிறுவினால் கடைசிப் பொத்தானில் ஃபினலிசார் என்று இருக்கும், அறிவிப்புகளில் கெடு ஃபினலிசா ஆகும். பேச்சில் தேவையே இல்லை. ரெயலிசார் என்பது 'செய்', 'நடத்து'. அதை 'உணர்ந்தேன்' என்ற பொருளில் போட்டுவிடாதீர்கள், அதற்கு 'மெ தி குவென்தா'.

யாரும் பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கொமீ' என்றால் சாப்பிட்டேன். 'மெ கொமீ த்ரெஸ் ரொத்திஸ்' என்றால் மூன்று ரொட்டி சானாயையும் உள்ளே தள்ளிவிட்டேன். அந்த 'மெ'யில் எனக்கு நம்முடைய 'விடு' கேட்கிறது: சாப்பிட்டேன், சாப்பிட்டுவிட்டேன். குடித்தேன், குடித்துவிட்டேன். ஒன்றே ஒன்று, ஸ்பானிஷில் இதற்கு அளவு தெரிந்த பொருள் வேண்டும். 'மெ கொமீ எல் அர்ரோஸ்', அந்தச் சோற்றைத் தின்று தீர்த்தேன், சரி. பொதுவாகச் சோறு சாப்பிட்டேன் என்பதற்கு 'மெ' கூடாது, 'கொமீ அர்ரோஸ்' மட்டும். முடிப்பதற்கென்று தனி வினை இல்லாமலே முடித்துவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன். இதை முதல் மாதம் புரிந்துகொண்டிருந்தால் கேன்டீன் அம்மாவிடம் நான் இன்னும் கொஞ்சம் நல்ல பெயர் வாங்கியிருப்பேன்.

ரெண்டு எச்சரிக்கை. அர்ஜென்டினா, சிலி பக்கம் உள்ளவர்களிடம் பேசும்போது, அக்கபாரைத் தன்னைப் பற்றி, பின்னால் எதுவும் சேர்க்காமல் சொல்வதைத் தவிருங்கள். அங்கே அதற்குப் படுக்கையறைப் பொருள் ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் யாராவது சிரிப்பை அடக்குவார்கள். அந்த நாடுகளுக்குத் தெர்மினாரோடு நின்றுகொள்வது நிம்மதி. ஆனால் தெர்மினாரும் முழுச் சுத்தமில்லை. லத்தீன் அமெரிக்காவில் ஒரு ஆளின் பெயரோடு 'தெர்மினே கொன்' என்றால் காதல் முறிந்தது என்று பொருள். வாடிக்கையாளரோடு போனில் பேசி முடித்ததும் மேலதிகாரியிடம் 'அவரோடு தெர்மினே' என்று சொல்லிவிடாதீர்கள், ஆறுதல் சொல்ல வருவார்கள். சந்தேகம் வந்தால் ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் பொருள் எந்த நாட்டில் வழங்குகிறது என்பதைச் சுருக்கெழுத்தில் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

உங்கள் நாலாவது வாக்கியம் பாக்கி. 'வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்.' இதற்கு 'லோ தெர்மீனோ எல் வியெர்னெஸ்' என்று எழுதினால் வெள்ளிக்கிழமை அன்றைக்கு முடிக்கிறேன் என்றாகும். 'க்குள்' வேண்டுமென்றால் 'பாரா எல் வியெர்னெஸ்'. ஆனால் குவாதலஹாராவில் யாரும் எனக்கு அப்படிக்கூட எழுதியதில்லை. 'லோ தெங்கோ லிஸ்தோ பாரா எல் வியெர்னெஸ்' என்பார்கள். லிஸ்தோ என்றால் தயார், நம்மூர் 'சியாப்'. தெர்மினார், அக்கபார், கும்ப்ளீர் எதுவும் அதில் இல்லை பாருங்கள். அதையே அனுப்புங்கள். அனுப்பும் முன் வெள்ளிக்கிழமை யாருடைய வெள்ளிக்கிழமை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மெக்சிகோவில் அது முடியும்போது இங்கே சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி.